யுன்ஷியாவின் முரசுக் குச்சி

வூஹான் நகரத்து நாடகக் குழுவில் நான் சின்ன வெண்கலத் தட்டு அடிப்பவன். எங்கள் முரசுக்காரி ஷூ யுன்ஷியா. மேடையில் நடிகை அழுவதும், வில் தந்தியைத் தொடுவதும், என் தட்டு ஒலிப்பதும் அவள் குச்சி எழும்பிய பிறகுதான். அப்படி அவள் குச்சியையே பார்த்துப் பார்த்து ஹூச்சின் என்னும் வில் வாத்தியம் வாசித்த பெய் ஜோங்யுவான், ஒருநாள் அவளையே கல்யாணம் செய்துகொண்டான்.

சென்ற வசந்தத்தில் எங்கள் மூவரையும் சிம்பொனிக் குழு அழைத்தது. ஊரில் கலக்கும் இரண்டு ஆறுகளைப் பற்றிய புதிய படைப்பு. வயலின்களுக்கு நடுவே எங்கள் வாத்தியங்கள். ஒத்திகையில் வயலின்காரர்கள் இசை நடத்துநர் கோங்கின் கையைப் பார்த்தார்கள். பெய் மனைவியின் கையைப் பார்த்தான். இசை இரண்டாகப் பிரிந்து ஓடியது.

"பெய் மாஸ்டர், என்னைப் பாருங்க. அங்க பாக்காதீங்க" என்றார் கோங்.

"வீட்ல பாத்தது பத்தலையா மாஸ்டர்?" என்றாள் ஒரு வயலின்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். பெய்யும் சிரித்தான். யுன்ஷியாவின் முகம் மட்டும் வாடிப்போனது.

கச்சேரி நாள் காலை, நடைபாதைக் கடையில் மூவரும் எள் விழுது நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

"பெய், இன்னைக்கு யாரைப் பாப்பே?" என்று கேட்டாள் யுன்ஷியா.

"கோங்கைத்தான். நீயும் அவரைத்தான் பாக்கணும்."

"எனக்கு அது பழக்கமில்லையே."

"கோவமா?"

"தெரியல. உள்ளுக்குள்ள என்னமோ புரளுது."

"எள்ளு விழுதை அள்ளிப் போட்டுக்கிட்டா புரளாதா?"

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவன் இன்னும் தன்னோடுதான் வாசிக்கிறானா என்று தெரிய வேண்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. வயலின்கள் தேய்ந்து அடங்கின. இனி யுன்ஷியாவின் ஒரே ஒரு அடி, பிறகு பெய்யின் தனி வாசிப்பு. கோங் அவளை நோக்கிக் கை நீட்டினார். அவளோ கணவனைப் பார்த்தாள். அவன் கண் கோங்கிடம் இருந்தது. அவன் முகத்தின் ஒரு பக்கம் மட்டுமே அவளுக்குத் தெரிந்தது.

குச்சி அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

மயான அமைதி. கோங் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'நீ ஆரம்பி' என்று பெய்க்குச் சைகை காட்டினார். பெய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், நெற்றி வியர்த்தது, வில் அசையவில்லை. கடைசியில் யுன்ஷியா அடித்தாள். அந்த நொடியே வில் அழத் தொடங்கியது.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. திரைக்குப் பின்னால் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் கை காட்டியும் ஏன் வாசிக்கல?"

"கை வரல."

"எனக்காகவா? இல்ல பயந்துட்டியா?"

பெய் விழித்தான். "நிஜமாவே தெரியல யுன்ஷியா. அவரைத்தான் பாத்துட்டு இருந்தேன். உன் அடி கேக்கல. கை வரல, அவ்வளவுதான்."

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அது சந்தோஷமா, மனத்தாங்கலா? என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போது கோங் ஓடி வந்தார். "அந்த அமைதி பிரமாதம். நாளைக்கும் அதே மாதிரி செய்ங்க."

யுன்ஷியா கண்ணைத் துடைத்தாள். "எது மாதிரின்னு எனக்கே புரியலையே" என்றாள்.