தவமணி கையெழுத்துப் போடாத அறிக்கை

தவமணி இறந்துபோன செய்தி எனக்கு ஓர் எண்ணெய் விளம்பரத்தில்தான் வந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. ஒரு பக்கம் தவமணியின் பழைய புகைப்படம், மறுபக்கம் முட்டிவலி மூலிகை எண்ணெய் பாட்டில். நடுவில், ‘எங்கள் எண்ணெயின் பலனை உலகுக்கு நிரூபித்த விஞ்ஞானிக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவருடைய தம்பி சேகரன் அழைத்தார். பந்திங் ஊரில் வேலை பார்த்த மருந்துக்கடையில் நின்றபடியே அக்கா மாரடைப்பு வந்து சாய்ந்துவிட்டாராம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் அது இறங்கவில்லை, இறக்கி வைக்கும் எண்ணமும் எனக்கில்லை.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் நல்ல மனத்தோடு அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பினீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு வரி பொய். அதை எழுதியவருக்கும் அது பொய் என்று தெரியும்.

நானும் தவமணியும் கிள்ளானில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தோம். நான் பிசியோதெரபிஸ்ட், அவர் மருந்தாளர். பாரம்பரிய மருந்துகளை இன்றைய அறிவியல் முறைப்படி சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எல்லோரும் பேச ஆரம்பித்திருந்த நேரம். ஒரு மூலிகை எண்ணெய் முதலாளி தன் எண்ணெயைக் கொடுத்தார், ஒரு பேராசிரியர் தலைமை தாங்கினார், நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம். முட்டிவலியோடு வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த எண்ணெய், மீதிப் பேருக்கு மூலிகை சேராத வெறும் எண்ணெய். பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்று கடைசிவரை அவர்களுக்கும் தெரியாது, வலியை அளக்கும் எனக்கும் தெரியாது.

வெறும் எண்ணெயைத் தயாரித்தவர் தவமணி. நிறமும் வாசமும் அசலைப் போலவே இருக்கவேண்டும். பல வாரம் அவர் சேலையில் கற்பூர வாடையோடுதான் வேலைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு சின்னக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வாசல் காவலாளியான மலாய்ப் பெரியவரிடம் போவார். அவர் முகர்ந்துவிட்டு, இது ஒன்று அது ஒன்று என்று பிரித்துக் காட்டிவிடுவார். தவமணி திரும்பி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். ஒருநாள் அந்தப் பெரியவர், “டுவா-டுவா சாமா லா” என்று கையை விரித்தார். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதும் தவமணி எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

இவ்வளவு பாடுபட்ட ஆராய்ச்சி கவிழ்ந்தது ஒரு நல்ல குணத்தால். சோதனைக்கு வந்த பெண்களில் பலர் ஒரே கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர்கள். சிலருக்கு மூலிகை இல்லாத எண்ணெய் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தோம். ஒருநாள் முனியம்மா அக்கா தவமணியிடம் பேச்சுவாக்கில் விஷயத்தை உடைத்தார். “எல்லா பாட்டலையும் ஒரு பால்மாவு டின்னுல ஊத்திக் கலக்கிட்டோம் மிஸ். அப்புறம் சமமா பிரிச்சுக்கிட்டோம். ஒருத்திக்கு நல்ல எண்ணெய், இன்னொருத்திக்கு சும்மா எண்ணெய்னா பாவம் இல்லையா?”

தவமணி கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க செஞ்சது தப்பில்ல அக்கா, எங்க கணக்குக்குத்தான் அது ஒத்துவராது” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவைத்தார். பிறகு மருந்தறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் நேராகப் பேராசிரியரைத் தேடிப் போனார், நானும் கூடப் போனேன்.

“சின்ன விஷயம் லா தவமணி, இதை எழுதணும்னு அவசியமில்ல” என்றார் பேராசிரியர்.

“டாக்டர், எந்த முட்டியில எந்த எண்ணெய் ஏறுச்சுன்னு நமக்குத் தெரியல. தெரியலன்னு எழுதுங்க, இப்பவே சைன் போடுறேன்.”

பேராசிரியர் அப்படி எழுதவில்லை. எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்று அறிக்கை தயாரானது. கோயிலும் டின்னும் அதில் இல்லை. தவமணி கையெழுத்துப் போட மறுத்தார். நான் போட்டேன். அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது, அதற்குமேல் எந்தக் காரணமும் இல்லை. தவமணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் வழக்கம்போல என்னோடு சாப்பிட உட்கார்ந்தார்.

அவருடைய ஒப்பந்தத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. பந்திங்கில் ஒரு மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார். எண்ணெயோ ‘அறிவியல் நிரூபித்தது’ என்ற அட்டையோடு கடை கடையாக ஏறியது. அவர் நின்ற கடைக்கும் வந்தது. கேட்கிறவர்களிடம், “தேய்க்கணும்னா தேய்ங்க, நானும் தேய்க்கிறேன், இதமாத்தான் இருக்கு. நிரூபிச்சாச்சுன்னு மட்டும் நம்பாதீங்க” என்பார். எண்ணெய் கெட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நல்லது என்று பொய்யும் சொல்லவில்லை. அந்த முதலாளிக்கு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. அவர் வாய் மூடிய பிறகுதான் பதில் வந்தது, கண்ணீர் அஞ்சலியாக.

கருமாதி கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டுப் பந்தி முடியும் நேரத்தில் முதலாளி வெள்ளை ஜிப்பாவில் வந்தார். பின்னாலேயே இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்காக ஆளுக்கொரு எண்ணெய் பாட்டில். ஒவ்வொன்றிலும் தவமணியின் படம் ஒட்டியிருந்தது. ஒன்றும் அறியாத சேகரன் கைகூப்பி நன்றி சொன்னார்.

“சேகர், இதை யாருக்கும் குடுக்காதீங்க” என்று குறுக்கே போய் நின்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் கையெழுத்தையும் சேர்த்து.

“மேடம், துக்க வீட்டுல எதுக்கு இந்தப் பேச்சு? உங்க டாக்டரே ரிப்போர்ட் குடுத்தாரு” என்றார் முதலாளி.

பின்வரிசையில் இருந்து முனியம்மா அக்கா எழுந்தார். “முதலாளி, டின்னுல ஊத்திக் கலக்குனவ நான்தான். எந்த எண்ணெய தேய்ச்சோம்னு தேய்ச்ச எங்களுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

பக்கத்தில் இருந்த கமலா அக்கா, “நானும் ஊத்தினேன்” என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார், பிறகு இன்னும் இருவர். முதலாளி கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். சேகரன் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் எல்லாப் பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டுபோய் முதலாளியின் கார் பக்கத்தில் தரையில் அடுக்கினார். அந்த ஆள் முகம் செத்துப்போனதை நான் கண் நிறையப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. துக்க வீட்டில் சந்தோஷப்பட்டதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

தன் அக்கா இருந்திருந்தால் முதலாளியை மன்னித்திருப்பார் என்று சேகரன் பிறகு சொன்னார். இருக்கலாம். தவமணியின் பொறுமையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அவருடைய ஒரு வழக்கம்: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் அதை முழுவதும் சத்தமாக வாசிப்பார். வாய்விட்டுச் சொல்ல நாக்கு கூசினால் பேனாவை மூடிவிடுவார். அன்று நான் அப்படி வாசிக்காமல் போட்டேன். நேற்று, அந்த அறிக்கையிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லியும், ஏன் நீக்கவேண்டும் என்று விவரித்தும், அதை வெளியிட்ட ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். வீட்டில் தனியாக நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தேன். எந்த இடத்திலும் நாக்கு கூசவில்லை. கையெழுத்துப் போட்டு, முதலாளிக்கும் பேராசிரியருக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் அவர்களும் வாய்விட்டு வாசிக்கட்டும்.