ரேடியோ டீச்சரின் ஷூ பெட்டிகள்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ரேடியோ டீச்சர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஓவியப் பாடம் நடத்துகிறவர். காலையில் கேட்டைத் தாண்டும்போது திறக்கிற வாய் சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போதுதான் மூடும். பிள்ளைகளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. ஒரு படத்தைக் கரும்பலகையில் மாட்டிவிட்டு, அதை வரைந்தவர் சின்ன வயதில் என்னென்ன சேட்டை செய்தார், அப்பாவிடம் எப்படியெல்லாம் திட்டு வாங்கினார் என்று டீச்சர் எடுத்துவிட்டால் மூன்றாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். கதை கேட்கிற சுவாரசியத்தில் ஒரு பிள்ளையும் படத்தைப் பார்த்ததில்லை. அது டீச்சருக்கே அப்போது தெரியாது.

அப்படி வாழவைத்த தொண்டைதான் ஒருநாள் காலை வாரிவிட்டது. முதலில் கரகரப்பு, பிறகு காற்று மட்டும். டாக்டர் உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குரல் நாண்ல முடிச்சு முடிச்சா வந்திருக்கும்மா. பேசப் பேசப் பெரிசாகும். ஸ்கூல்ல இந்தப் பருவம் முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடக் கூடாது, அது இன்னும் மோசம்."

"வீட்லயுமா டாக்டர்?" என்று கேட்டார் கூட வந்திருந்த கணவர். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாத மனிதர். அந்தக் கேள்வியில் இருந்தது கவலையா, நப்பாசையா என்று டீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் போய்விட்டது.

மறுநாள் டாக்டர் சீட்டைப் படித்த தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிடுகிற ரகம்.

"லீவு போட்டுட்டு உடம்பப் பாத்துக்குங்க. பேசாம எப்படிங்க பாடம் நடத்துவீங்க? உங்க பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. பிள்ளைங்க வகுத்தல்ல ரொம்ப வீக்கா இருக்காங்களாம்."

கணக்கு வாத்தியாரிடம் போன பீரியட் எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. விளையாட்டுப் பீரியட் அப்படித்தான் போனது, தோட்டவேலைப் பீரியடும் அப்படித்தான். ஒரு பருவம் ஓவியம் இல்லாமல் பள்ளிக்கூடம் ஓடிவிட்டால், அது இல்லாமலே ஓடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு ஓவிய அறை எதற்கு, ஓவிய டீச்சர் எதற்கு? குரல் போனால் போகட்டும், வகுப்பை விடமுடியாது. டீச்சர் கையிலிருந்த சிலேட்டில் எழுதி நீட்டினார்: "ஒரு மாதம் கொடுங்கள். பேசாமல் நடத்திக் காட்டுகிறேன்."

"பிள்ளைங்க கத்துவாங்களே."

"மாட்டார்கள்" என்று எழுதினார். எந்தத் தைரியத்தில் எழுதினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

தலைமையாசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, ஒரு மாசம். எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன். வரும்போது பிள்ளைங்க தானா வேலை செஞ்சுக்கிட்டிருக்கணும். இல்லேன்னா கணக்கு சாருக்குத்தான்."

டீச்சருடைய அக்கா வீட்டுக்காரர் ஷூ கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து காலிப் பெட்டிகள் ஒரு சாக்கு நிறைய வந்து இறங்கின. பெட்டிக்கு ஒரு ஓவியர் என்பது டீச்சரின் திட்டம். உள்ளே அந்த ஓவியர் வரைந்த படங்களின் அச்சுப் பிரதிகள், பார்க்க ஒரு லென்ஸ், படித்துச் செய்ய ஒரு அட்டை. பெட்டியின் அடியில் ஒரு மடிப்பு. அதைத் தூக்கினால்தான் ஓவியரின் பெயர் தெரியும். வேலையை முடிக்காமல் மடிப்பைத் தூக்கக்கூடாது. பெயரைத் தெரிந்துகொண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்து மூடிவைத்துவிடுவது மனித சுபாவம் என்று டீச்சருக்குத் தெரியும். அவர் வீட்டு அலமாரியிலும் அப்படி மூடிவைத்த புத்தகங்கள் உண்டு. லென்ஸ்களுக்குக் கணவரின் மேஜை இழுப்பறை காலியானது.

"ஒண்ணாவது மிச்சம் வை" என்றார் அவர். "வர்ற கடிகாரத்தையெல்லாம் தடவிப் பாத்தா ரிப்பேர் பண்றது?"

ஒன்று மிச்சம் வைக்கப்பட்டது, கொஞ்சம் கீறல் விழுந்ததாகப் பார்த்து.

முதல் நாள் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. பெட்டியைத் திறந்த பிள்ளைகள் அட்டையை எடுத்து இரண்டு வரி படித்தார்கள், திருப்பினார்கள், பின்பக்கமும் பொடி எழுத்தில் நிரம்பி வழிவதைப் பார்த்து அப்படியே கீழே வைத்தார்கள். அப்புறம் லென்ஸை வைத்து ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெட்டி தொப்பியானது, இன்னொன்று மத்தளமானது. டீச்சர் கையைத் தட்டினார், மேஜையைத் தட்டினார், காலையும் தட்டினார். கடைசியில் பக்கத்து அறையிலிருந்து கணக்கு வாத்தியார் வந்து வாசலில் நின்று ஒரே ஒரு தடவை தொண்டையைச் செருமினார். வகுப்பு அடங்கிப்போனது.

"கஷ்டம்தான் டீச்சர்" என்றார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "என்னைக்கு முடியலேன்னு தோணுதோ, சொல்லி அனுப்புங்க."

சொல்லி அனுப்பச் சொல்கிறார். வாயே இல்லாதவரிடம்!

வீட்டில் டீச்சர் அட்டைகளைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு முறைத்தார். கணவர் ஒன்றை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்துப் பாதி படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதப் படிக்கும்போது எனக்கு உன் குரல் கேக்குது."

பாராட்டுகிறார் என்று நினைத்து டீச்சர் ஒரு நொடி பூரித்துப்போனார். அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் உறைத்தது. வாயை மூடச் சொன்னால் கையால் பேசியிருக்கிறார். பிறந்த ஊர், திட்டிய அப்பா, சின்ன வயதுச் சேட்டை, ஒன்று விடாமல் அட்டையில் கொட்டியிருக்கிறார். எதைப் பார்க்க வேண்டும், பார்த்து என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பையும் அவரே எழுதிவிட்டார். பிள்ளைகளுக்கு என்ன வேலை மிச்சம்? மூக்கைப் பார்க்கத்தான் செய்வார்கள். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்திலேயே எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி. வெட்ட வெட்ட விரலை வெட்டுகிற மாதிரி இருந்தது. ஒரே குளத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவரின் பெட்டியில் இரண்டு குளங்களை வைத்து, "எது காலை, எது சாயங்காலம்? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று மட்டும் எழுதினார். புள்ளி புள்ளியாய் வைத்து வரைந்தவருக்கு, "இந்தப் புல்லில் பச்சையைத் தேடு." தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்த பெண்ணின் பெட்டியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் போட்டு, "கண்ணாடியை மட்டும் பார்த்து உன் முகத்தை வரை. தாளைப் பார்க்காதே" என்றார். கதைகள் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. நல்ல கதைகள். டீச்சருக்குத் தாங்கவில்லைதான், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அது முதலில் கொசுவிடமிருந்து வந்தது. கொசு என்பது மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பெண். எந்நேரமும் மூக்கால் எதையாவது முனகிக்கொண்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். புள்ளிப் பெட்டியை வைத்துக்கொண்டு பச்சையைத் தேடியவள் திடீரென்று முனகலை நிறுத்தினாள். லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமலே பக்கத்துப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், இங்க பச்சையே இல்லடா. நீலப் புள்ளியும் மஞ்சப் புள்ளியும்தான் இருக்கு. தூரத்துல வச்சுப் பாரு, பச்சை. கிட்ட வந்தா காணோம்."

அவன் நம்பவில்லை. பார்த்தான். அப்புறம் அவனும் இன்னொருவன் சட்டையை இழுத்தான். டீச்சருக்கு நாக்கு நுனியில் ஆயிரம் வார்த்தை வந்து நின்றது. ஏன் அப்படி, எப்படி அப்படி, கண் அந்த இரண்டு நிறத்தையும் எப்படிக் கலக்கிறது, சொன்னால் எவ்வளவு அழகாகச் சொல்லலாம். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இத்தனை வருஷமாக அந்தப் படத்தை மாட்டி அரைமணி நேரம் பேசியிருக்கிறார். ஒரு பிள்ளையும் "இங்க பச்சையே இல்ல" என்று சொன்னதில்லை.

ஆனாலும் வகுப்பு என்றால் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும். சிலேட்டில் எழுதிக் காட்டினால் படிப்பதற்குள் சண்டை முற்றிவிடுகிறது. அதனால் டீச்சர் துண்டுத் தாள்களில் தடிப் பேனாவால் படமாகவே கிறுக்கி நீட்ட ஆரம்பித்தார். சண்டை போட்ட இரண்டு பையன்களுக்கு இரண்டு சேவல்கள், ஒன்றின் சட்டையில் பொத்தான் பிய்ந்திருக்கும். தண்ணீரைக் கொட்டியவனுக்குக் கப்பல் ஒன்று, அதன்மேல் துடைக்கும் துணி. தூங்கியவளுக்குக் கொட்டாவி விடும் முதலை. நாலு கோடு, அஞ்சு கோடு, அவ்வளவுதான். வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். தாள் கீழே விழும். டீச்சர் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. கல்லூரியில் ஓவியம் படித்து, பரிசெல்லாம் வாங்கி, ஒரு நாள் பெரிதாக வரையப்போகிறேன் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த பெண்தான் அவர். வேலை வந்தது, குடும்பம் வந்தது, வரைந்தவர்களைப் பற்றிப் பேசிப்பேசியே வரைவதற்கான நேரம் தீர்ந்துபோனது. கணவர் மட்டும் பழைய தூரிகைகளைத் தூக்கிப் போடவிடாமல் ஒரு டப்பாவில் வைத்திருந்தார், கடிகார முட்களுக்குத் தூசி தட்ட உதவும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு.

மாதம் முடியப்போகும் சமயத்தில் தலைமையாசிரியை வந்தார், பின்னாலேயே கணக்கு வாத்தியாரும். வகுப்பு அமைதியாக இல்லை. முணுமுணுப்பும், பெட்டி நகரும் ஓசையும், "இல்ல, இங்க பாரு" என்கிற குரலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் யாரும் தலை தூக்கவில்லை. வந்தது தலைமையாசிரியை என்று பார்த்தவர்கள்கூட எழுந்து நின்று வணக்கம் சொல்ல மறந்துபோனார்கள். அது நல்லதா கெட்டதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

தலைமையாசிரியை பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் கொசுவிடம் நின்றார். அவள் முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்து டீச்சர் திடுக்கிட்டார். அது அவர் செய்த பெட்டி இல்லை. மூடியில் பசை வழிந்திருந்தது, மூலை ஒன்று பிய்ந்திருந்தது.

"இது யாரோட பெட்டி?"

"பேரக் கடைசியாத்தான் பாக்கணும் மேடம். முதல்ல படத்தப் பாருங்க" என்றாள் கொசு, நகர்ந்து இடம் கொடுத்தபடி.

தலைமையாசிரியை அந்தச் சின்ன பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே துண்டுத் தாள்கள். சேவல்கள், கப்பல், முதலை, கசங்கியதை நீவி, கிழிந்ததை ஒட்டி. குப்பைக்கூடையிலிருந்தும் பெஞ்சடியிலிருந்தும் பொறுக்கியிருக்கிறார்கள். டீச்சருக்குக் காது வரைக்கும் சூடேறியது. பாய்ந்து போய்ப் பெட்டியைப் பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது. அட்டையில் கோணல் எழுத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "இந்த ஓவியருக்குக் கோபம் வந்தால் கோடு எப்படி மாறுகிறது?"

தலைமையாசிரியை லென்ஸை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார், சிலதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கணக்கு வாத்தியார் நின்றுகொண்டே எட்டிப் பார்த்தார்; பிறகு அவரும் குனிந்துவிட்டார்.

"கோபம் வந்தா கோடு தடிக்குது" என்றார் தலைமையாசிரியை.

"சரிதான் மேடம், ஆனா இன்னும் இருக்கு" என்றாள் கொசு. "கண்ணப் பாருங்க. சேவலுக்கு உடம்பெல்லாம் தடியாப் போட்டிருக்காங்க, கண்ணு மட்டும் மெல்லிசு. முதலைக்கும் அப்படித்தான். எவ்வளவு கோபம்னாலும் கண்ண மட்டும் மெதுவாத்தான் வரையறாங்க. அவங்களுக்கு அது தெரியாதுன்னு நினைக்கறோம்."

தெரியாதுதான். டீச்சர் எட்டி அந்தத் தாள்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் கண்ணின் கோடு மட்டும் மெல்லிசாக இருந்தது. தன் கோட்டை யாரோ இப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. காத்திருந்ததே மறந்துபோகும் அளவுக்கு அது பழையது. கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

தலைமையாசிரியை மடிப்பைத் தூக்கினார். அடியில் பெரிய எழுத்தில், "ரேடியோ டீச்சர்".

முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. தலைமையாசிரியை உதட்டை அழுத்திக்கொண்டு எழுந்தார். சிரிப்பை அடக்கத்தான் அப்படி அழுத்தினார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"வகுத்தலுக்கு வேற நேரம் பாத்துக்கலாம் சார்" என்றார். "இந்தப் பீரியட் இவங்ககிட்டயே இருக்கட்டும்."

கணக்கு வாத்தியார் தலையாட்டினார். அவர் கையில் இன்னும் முதலை இருந்தது. கொசு அதை மரியாதையாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் டீச்சர் தடிப் பேனாவை எடுத்தார். ஒரு தாளில் பெரிய ரேடியோ ஒன்றைப் போட்டு, அதற்குக் கண்ணும் கையும் முளைக்கவைத்து, அந்தக் கை ஒரு கொசுவின் காதைத் திருகுகிற மாதிரி அழுத்தி அழுத்தி வரைந்து கொசுவின் முன்னால் படாரென்று வைத்தார். கொசு பயப்படவில்லை. லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, தாளின்மேல் குனிந்து, நிதானமாக ரேடியோவின் கண்ணைத் தேடினாள்.

"கோபமே இல்லடா" என்றாள் பக்கத்துப் பையனிடம். "நீயே பாரு."