முள்ளி தின்ற அத்தான்

யாழ்ப்பாணத்தில் கண்ணாடி மாற்றிக்கொண்டு வேலணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் அயல் வீடொன்றிலிருந்து அழைப்பு வந்தது. "ரீச்சர், சிவபாதம் அண்ணை போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டவர், ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேக்கையே முடிஞ்சுது. கெதியா வாங்கோ." என்ன செய்வதென்று தெரியாமல் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன். பஸ் மண்கும்பானைத் தாண்டியிருக்காது, அடுத்த அழைப்பு. இம்முறை கனடாவிலிருந்து, உறவுக்காரப் பெண் ஒருத்தி. "சித்தி, பெரியப்பா ஏதோ முள்ளுச் செடியைத் தின்டு செத்தவராம், உண்மையோ? பெரியம்மாதான் சமைச்சுக் குடுத்தவவாம்." நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி கடல் கடந்து போய், முள் முளைத்துத் திரும்பி வந்துவிட்டது.

ஊருக்கு அவர் இத்தாலிச் சிவபாதம். எனக்கு அத்தான், என் அக்கா யோகத்தின் கணவர். அவரை அறிந்த உங்களில் பலர் செத்தவீட்டுக்கு வந்தீர்கள், வர முடியாதவர்கள் தொலைபேசியில் பேசினீர்கள். எல்லோரும் முதலில் துக்கம் விசாரித்தீர்கள், பிறகு குரலைத் தாழ்த்தி முள்ளைப் பற்றி விசாரித்தீர்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைக் கொண்டுபோனது இருதய அடைப்பு. டொக்டர் அதைத்தான் சொன்னார், எழுதியும் தந்தார். ஆனால் இருதய அடைப்பில் சொல்லக் கதை எங்கே இருக்கிறது? முதல் நாள் மத்தியானம் அக்கா அவருக்கு முள்ளி என்ற முள்ளுச் செடியின் இலையில் வறை செய்து கொடுத்தாள் என்பதில்தான் கதை இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

அத்தானுக்கு முள்ளில் ஆசை பிடித்த இடம் சிசிலித் தீவு. பலெர்மோ நகரில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தார். சிஞ்ஞோரா என்றுதான் அவரைச் சொல்லுவார். அக்காவும் அங்கேயே வேறு வீடுகளில் துப்புரவு வேலை செய்தாள். குளிர்கால மழை ஓய்ந்ததும் சிஞ்ஞோரா இவரை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போவாராம். கையில் தோல் கையுறை, ஒரு வளைந்த கத்தி. வெள்ளை நரம்போடிய பெரிய முள் இலைகள் தரையோடு படர்ந்து கிடக்கும். பூக்கும் முன் வெட்டவேண்டும். இலையையும் முள்ளையும் உருவி எறிந்துவிட்டு நடுத்தண்டை மட்டும் எடுத்து, நாரை உரித்து, தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீரில் போட்டு, அவித்து, மாவில் தோய்த்துப் பொரிப்பார்களாம். கார்தோ என்று பெயர். "முதல் தரம் தட்டில வைக்கேக்க, மாட்டுக்குப் போடுறதை எனக்குத் தருகினம் எண்டு நினைச்சனான்" என்றார். "ஒரு கடி கடிச்சன். எங்கட ஊரில எத்தினை முள்ளுச் செடியைச் சும்மா விட்டிட்டு வந்தனான் எண்டுதான் யோசினை ஓடினது."

சிஞ்ஞோரா இறந்த பிறகு அந்தத் தோல் கையுறைகள் இவருக்கு வந்தன. இருவரும் ஊருக்குத் திரும்பியபோது அக்கா இரண்டு பெட்டி நிறையச் சட்டி பானை கொண்டுவந்தாள். அத்தான் கொண்டுவந்ததில் எனக்கு நினைவிருப்பது அந்தக் கையுறைகள் மட்டும்தான். பிள்ளைகள் இல்லாத வீடு. அக்காவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் காலையில் முதலில் வருவது அவருடைய கேள்வி: "ரீச்சர், உதைத் தின்னேலுமோ?" கையில் ஏதாவது ஒரு செடி இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள் என்பதால், உலகத்துப் பச்சிலை எல்லாவற்றுக்கும் நான் பதில் வைத்திருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

வந்த புதிதில் ஒரு நாள் சைக்கிளில் மண்கும்பான் பக்கம் போனவர், பை நிறையச் செடி வெட்டிக்கொண்டு பறந்து வந்தார். "ரீச்சர், எங்கட கார்தோ! இஞ்ச றோட்டுக்கரை முழுக்க நிக்குது!" பையைத் திறந்து பார்த்தேன். முள் இலை, இலையில் வெள்ளை நரம்பு, எல்லாம் அவர் சொன்னபடியே. ஆனால் பூ மஞ்சள். வெட்டிய இடத்தில் வடிந்திருந்த பாலும் மஞ்சள். "அத்தான், உது பிரமதண்டு. நஞ்சு" என்றேன். கடுகில் இதன் விதையைக் கலப்பார்கள், தின்றவர்களுக்கு உடம்பு வீங்கும் என்று உணவுக் கலப்படப் பாடத்தில் வருடா வருடம் படிப்பித்தவள் நான். பிள்ளைகள் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதினார்கள். அந்தச் செடி பள்ளிக்கூட மதிலுக்கு வெளியிலேயே நின்றது. ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அத்தான் பையை அப்படியே கிடங்கில் கொட்டி மண் தள்ளி மூடினார். பிறகு, பயப்படுவதற்குப் பதிலாக, ஒரு பிரமதண்டை மட்டும் தோண்டி எடுத்து வெயிலில் வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிஞ்ஞோரான்ர செடிக்குப் பூ ஊதா. பால் மஞ்சள் இல்லை. முதல் பூவைப் பாக்கவேணும், பிறகு பாலைப் பாக்கவேணும், அதுக்குப் பிறகுதான் வாயைத் திறக்கவேணும்." இதைத் தனக்குத்தானே சொன்னார்.

ஊதாப் பூவைத் தேடியதில்தான் நீர்முள்ளி அகப்பட்டது. மாரி மழைக்குப் பிறகு வெள்ள வாய்க்கால்களின் ஓரத்தில் இடுப்பளவுக்கு நிற்கும், கணுவுக்குக் கணு நீண்ட மஞ்சள் முள்ளும் ஊதாப் பூவும். சலக்கடுப்புக்கு அவித்துக் குடிக்கிற மருந்து என்று எங்களுக்குத் தெரியும். சாப்பாடாக ஒருவரும் நினைத்ததில்லை. அத்தான் கேட்டுக் கேட்டு அலைந்தார். கடைசியில் அல்லைப்பிட்டியில் மீன் விற்கும் மாக்கிறேற் அக்காவிடம் கேட்டார். நானும் கூட நின்றேன். அவர் மீனை வெட்டிக்கொண்டே சொன்னார்: "ஓம் தம்பி, தின்னலாம். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில குருத்திலையை ஆய்ஞ்சு அவிச்சுப் பிள்ளையளுக்குக் குடுத்தனான். பசிக்குத் தின்டது. ருசியைக் கேக்காதையும்."

அத்தான் வீடு வரும் வழியெல்லாம் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். அடுத்த கிழமை அவரே குசினிக்குள் புகுந்து, முள்ளிக் குருத்தை மாவில் தோய்த்துப் பொரித்து, சுடச்சுட ஒரு பாத்திரத்தில் மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு அல்லைப்பிட்டிக்குப் போனார். "இது பசிக்கு இல்லை அக்கா, ருசிக்கு. தின்டு பாத்திட்டுச் சொல்லுங்கோ." மாக்கிறேற் அக்கா ஒன்றை எடுத்துக் கடித்தார், அடுத்ததை எடுத்தார், பிறகு பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் நானும் ஒன்று தின்றேன். நன்றாகவே இருந்தது, உள்ளதைச் சொல்லவேண்டும்.

அந்தப் பொரியலோடு அக்கா அவரைக் குசினியிலிருந்து துரத்திவிட்டாள். அடுப்படி முழுக்க மாவும் எண்ணெயும். அதோடு அவருக்குப் பிரஷர் கூடியிருந்தது, எண்ணெயையும் உப்பையும் குறைக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து முள்ளி வறையாகிவிட்டது. இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பூ போட்டு அக்கா சின்னச் சட்டியில் அவருக்கென்று தனியாகச் செய்வாள். அவள் அதை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. "மனிசர் தின்னிற சாமானே உது?" என்று மூக்கைச் சுளிப்பாள். ஒரு நாள் நான் பக்கத்தில் நின்றபோது உப்புப் போடாமல் இறக்கினாள். கேட்டேன். "உவர் நிலத்துச் செடியடி. உப்பு அதுக்குள்ளயே இருக்கும்" என்றாள். எங்கள் தீவில் கிணற்றுத் தண்ணீரே உவர் என்பதால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்கவே நான் பொட்டால் போவதுண்டு. அத்தான் சொல்லுவார்: "முள்ளு எண்டது செடி தனக்குப் போட்ட வேலி. வேலி போட்டிருக்கெண்டா உள்ளுக்க ஏதோ நல்ல சாமான் இருக்கெண்டுதானே கருத்து?" அக்கா தேங்காய் துருவிக்கொண்டே சொல்லுவாள்: "எங்கட வளவுக்கும்தான் வேலி போட்டிருக்கு. உள்ளுக்க என்ன கிடக்கு? நீங்கள்தான் கிடக்கிறியள்." அவர் சிரித்துக்கொண்டே தட்டை வழித்துத் தின்பார். முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்: "யோகம், இண்டைக்குத்தான் சரியா வந்திருக்கு." போன கிழமையும் இதைத்தானே சொன்னீர்கள் என்று நான் கேட்டால், "போன கிழமை கிட்டத்தட்டச் சரி, இண்டைக்குத்தான் முழுக்கச் சரி" என்பார்.

செத்தவீட்டில் யாரும் அக்காவின் முகத்துக்கு நேரே எதையும் கேட்கவில்லை. பந்தலுக்குள் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு கதைத்தார்கள். "இத்தாலியில தின்டதை இஞ்ச தேடினா இப்பிடித்தான்." "மனிசிக்கெண்டாலும் ஒரு யோசினை வேண்டாமே?" அக்காவுக்குக் காது நல்ல கூர்மை. நாலாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எடி, நான் குடுத்ததாலயோ?" இல்லை என்றேன். டொக்டர் எழுதித் தந்த துண்டை எடுத்துக் காட்டினேன். மூன்று மாரியாகத் தின்ற மனிதருக்கு அன்றைக்கு மட்டும் எப்படி நஞ்சாகும் என்று கேட்டேன். தலையாட்டினாள். ஆனால் சோற்றுப் பானையைத் தொடப் பயந்தாள். தேத்தண்ணீர் போடக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள். வாழ்நாள் முழுக்கச் சமைத்த ஒருத்தி தன் கையைத் தானே சந்தேகித்தால் அவள் மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பாள்? அந்த நாட்களில் எனக்கு அத்தானை நினைத்து அழ நேரம் கிடைக்கவில்லை. அக்காவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் எட்டுச் செலவு என்றால், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். பட்டியல் போட ஆட்கள் வந்தார்கள். நண்டுக் கறி, புட்டு, பயத்தம் பணியாரம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவரும் முள்ளியைச் சொல்லவில்லை. சுவரோடு சாய்ந்திருந்த அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். "எடி, அவற்ற கையுறையைப் போட்டுக்கொண்டு போய்க் கொஞ்சம் முள்ளி வெட்டிக்கொண்டு வா. நான்தான் சமைப்பன்."

வெட்டிக்கொண்டு வந்தேன். பெரிய கையுறை, என் விரல்கள் உள்ளே நீந்தின. அக்கா வழக்கம்போலவே சமைத்தாள். வாழையிலையில் எல்லாவற்றோடும் வறையையும் வைத்து, படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டோம். பிறகு பந்தி வைத்தபோது எல்லாச் சட்டியும் காலியாகிக்கொண்டு வந்தது, சின்னச் சட்டி மட்டும் கை மாறிக் கை மாறி நிறைந்தபடியே சுற்றி வந்தது. "போதும் பிள்ளை." "வயிறு சரியில்லை." அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய்ச் சட்டியை வாங்கினாள். நிலத்தில் இருந்தாள். ஒரு பிடி அள்ளினாள். "யோகம், வேண்டாம்" என்று யாரோ சொன்னார்கள். அவள் வாயில் போட்டாள். எங்களைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டு மென்றாள்.

விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். "உப்பில்லை" என்றாள்.

எங்களுக்கு விளங்கவில்லை. "எடி, ஒரு துளி உப்பில்லையடி. வெறும் வைக்கல் மாதிரிக் கிடக்கு. மூண்டு மாரியா இதையே குடுத்திருக்கிறன்? இண்டைக்குத்தான் சரியா வந்திருக்கு, இண்டைக்குத்தான் சரியா வந்திருக்கு எண்டு வழிச்சு வழிச்சுத் தின்டாரே மனிசன்!" அழுதாள், நடுவில் சிரித்தாள், பிறகு இரண்டும் சேர்ந்துவிட்டது. அல்லைப்பிட்டியிலிருந்து வந்திருந்த மாக்கிறேற் அக்காதான் முதலில் எழுந்தார். குசினிக்குள் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து, சட்டிக்குள் தூவிப் பிசைந்து, தன் தட்டில் வைத்துக்கொண்டார். "இஞ்சால தாருங்கோ, எனக்கும் கொஞ்சம்" என்றேன் நான். மனிசிக்கு யோசனை வேண்டாமோ என்று கேட்டவரும் தட்டை நீட்டினார். சட்டி வெறுமையானது. மறுநாள் காலை அக்கா தானே தேத்தண்ணீர் போட்டு எனக்கும் கொண்டுவந்தாள்.

அத்தான், பூவைப் பார்த்து, பாலைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கவேண்டும் என்றீர்கள். வாயைத் திறந்து எதைச் சொல்லாமல் விடலாம் என்பதை மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் கையுறைகளை நான் வைத்திருக்கிறேன். ஊதாப் பூ கண்ட இடத்தில் பஸ்ஸுக்குள்ளிருந்தும் கழுத்தை நீட்டிப் பார்க்கிற பழக்கத்தையும் வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அக்கா மறுபடி முள்ளி வறை செய்து பொட்டால் கொண்டுவந்தாள். முன்பு போடாமல் விட்ட உப்பையெல்லாம் சேர்த்துப் போட்டிருந்தாள், நாக்கில் வைக்க முடியவில்லை. எப்படி இருக்கிறது என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்ட மூன்றாவது பொருளை அப்போதுதான் முதன்முதலாக வெளியே எடுத்தேன்.

"இண்டைக்குத்தான் சரியா வந்திருக்கு, அக்கா."