ஹிந்தியில் சொன்ன சாவுச் செய்தி

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. எங்கள் வீடு மும்பை தாராவியில். என் மகள் ஜெயிலுக்குப் போய் அப்போது இரண்டு வருடம் தாண்டியிருந்தது. ஜெயில் என்றதும் திருட்டா, கொலையா என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வக்கீல். செம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்தியில், அதுதான் குடிசைப் பகுதியில், முஸ்லிம் பையன்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், எங்கே வைத்திருக்கிறோம் என்றுகூடச் சொல்லாமல் இருந்தபோது, அந்தத் தாய்மார்களோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து, கோர்ட்டில் மனுப் போட்டவள். “உனக்கு எதுக்குட்டி இந்த வேலை?” என்று நானே கேட்டிருக்கிறேன். “அவங்களுக்கு வேற யாரும்மா இருக்கா?” என்பாள். கடைசியில் அவளையே பிடித்துக்கொண்டு போனார்கள். லேசில் ஜாமீன் கிடைக்காத சட்டமாம். சரி, தப்புச் செய்தாளா இல்லையா என்று ஒரு நீதிபதி உட்கார்ந்து கேட்டால்தானே தெரியும்? அந்த விசாரணைதான் ஆரம்பிக்கவே இல்லை. தேதிக்கு மேல் தேதி. 

நான் திருநெல்வேலிப் பக்கம் பத்தாவது வரை படித்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். வீட்டில் முறுக்கு, தட்டை சுட்டு மாட்டுங்கா கடைகளுக்குக் கொடுக்கிறேன். என்னுடையது கடை ஹிந்தி. விலை பேச வரும், சண்டை போட இன்னும் நன்றாக வரும். அதற்கு மேல் ஓடாது. ஜெயிலில் மகளைப் பார்க்கப் போனால் அதுதான் பெரிய சங்கடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். பேசுவதற்கு இரண்டு பக்கமும் போன். பேசுவது காவலுக்கு நிற்பவர்களுக்குப் புரிய வேண்டும், அதனால் ஹிந்தி அல்லது மராத்தி மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பெற்ற பிள்ளையிடம் தாய்மொழியில் பேசினால் அரசாங்கம் கவிழ்ந்து போகுமோ என்னவோ!

என் வீட்டுக்காரர் தையல் பட்டறையில் எல்லா ஊர்க்காரர்களோடும் வேலை பார்த்தவர். ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. போனை அவர்தான் பிடிப்பார். நான் பக்கத்தில் நின்று, “இட்லி சாப்பிட்டு எத்தன நாளாச்சுன்னு கேளுங்க, முடி கொட்டுதான்னு கேளுங்க” என்று அவர் முழங்கையைக் கிள்ளுவேன். அவர் ஹிந்தியில் கேட்டு, அவள் சொன்ன பதிலை என் காதில் தமிழில் சொல்வார். ஒருமுறை “நீயும் பேசு” என்று போனை என் கையில் திணித்துவிட்டார். “கானா காயா?” என்றேன். “காயா.” “தபியத் டீக்?” “டீக் ஹை.” சாப்பாட்டையும் உடம்பையும் கேட்டாயிற்று, அதோடு என் சரக்குத் தீர்ந்துவிட்டது. என்ன கேட்பதென்று தெரியாமல், கடையில் கேட்கிற பழக்கத்தில், “அவுர் குச் சாஹியே?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று வாடிக்கையாளரைக் கேட்கிற கேள்வி! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆதா கிலோ சக்லி தே தோ” என்று அரைக் கிலோ முறுக்குக் கேட்டாள். அவளை அப்படிச் சிரித்துப் பார்த்ததில் எனக்கு அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது.

அந்த மனுஷன்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பட்டறையில் மிஷினில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகளுக்காக வாதாடுகிற வக்கீல் தம்பி, அவளை அப்பாவின் முகம் பார்க்க அனுப்பச் சொல்லி யார் யாரிடமோ ஓடினார். சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள். மழையில் உடம்பை எத்தனை நேரம் வைத்திருப்பது? ஒரே பிள்ளை முகம் பார்க்காமலே எடுத்துவிட்டோம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர், போலீஸ் நம் பெயரையும் எழுதிக்கொள்ளுமோ என்று பயந்து வரவில்லை. அந்த பஸ்திப் பெண்கள் மட்டும் மழையில் நனைந்துகொண்டு வந்து, கடைசிவரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“உள்ள போயி நானே சொல்லிடுதேன் அக்கா” என்றார் வக்கீல் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா போன சேதியை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். என் நாத்தனார் குதித்தாள். “பதினாறு கழியாம வாசப்படி தாண்டப்பிடாது மயினி! ஊரு என்ன சொல்லும்?” என்றாள். “சாவுக்கு வராத ஊரு என்னத்தையும் சொல்லிட்டுப் போட்டும்” என்று செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன். பஸ்திப் பெண்களில் ஒருத்தி துணைக்கு வந்தாள். அவள் மகனை என் மகள்தான் வெளியே கொண்டு வந்தாள். டாக்சியில் வழி முழுக்க அவள் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். ஜெயில் வாசலோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே போய் நின்றேன். மகள் வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் அப்பாவைத் தேடினாள். போனை எடுத்ததும், “மக்கா...” என்று தொடங்கினேன். “ஏ, ஹிந்தி மே போலோ” என்று என் பக்கம் நின்ற போலீஸ்காரி அதட்டினாள்.

எனக்கு ஹிந்தியில் சாவைச் சொல்ல ஒரு வார்த்தைதான் தெரியும். மாட்டுங்கா கடைகளில் எந்தச் சேட்டாவது இறந்துபோனால், “ஆஃப் ஹோ கயா” என்பார்கள். மின்விசிறியை நிறுத்தினால் சொல்கிற மாதிரி. அதைத்தான் சொன்னேன். “ஆஃப் ஹோ கயா” என்றேன்.

“கோன்?” என்றாள். யார் என்று கேட்கிறாள்.

“தேரா அப்பா.”

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு மரமாக நின்றாள். எனக்கோ மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. எப்படி, எப்போது, கடைசியில் என்ன சொன்னார் என்று ஆயிரம் இருக்கிறது சொல்ல. ஒன்றுக்கும் என்னிடம் ஹிந்தி இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஊமையாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

அப்போது, மகளுக்குப் பின்னால் காவலுக்கு நின்ற பெண் முன்னால் வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். சின்ன வயசுதான், காக்கி உடுப்பு. சரி, பேச்சை முடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“ஆன்ட்டி, நீங்க தமிழ்லயே பேசுங்க” என்றாள் தமிழில்! “எங்க வீடு ஆண்டாப் ஹில், அங்க தமிழ் ஆளுங்க நிறைய. எனக்குத் தமிழ் படிக்க வராது, ஆனா பேசினா எல்லாம் சமஜ்தாகும். நான் கேட்டுக்கறேன். யாராச்சும் பூச்சுனா ஜவாப் நான் சொல்லிக்கறேன்.” பேசினால் புரியுமாம், யாராவது கேட்டால் பதில் அவள் சொல்லிக்கொள்வாளாம். என் பக்கம் நின்ற போலீஸ்காரியிடமும் போனைக் கொடுக்கச் சொல்லி மராத்தியில் ஏதோ சொன்னாள். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

மகள் கைக்குப் போன் திரும்பி வந்தது. “மக்கா, அப்பா தவறிட்டாவ” என்றேன். அந்த ஒரு சொல்லில் அவள் உடைந்துவிட்டாள். “அம்மா, என்னம்மா சொல்லுதீங்க, அம்மா” என்று அவள் கதற, நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். காலையில் டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனது, அடுத்த தேதிக்குக் கோர்ட்டுக்கு வரவென்று புதுச் சட்டை தைத்து வைத்தது, எல்லாம். “உன்னத் தேடிக்கிட்டே போயிட்டாவளே!” என்று என்னை அறியாமல் ஒப்பாரியே வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் முதலில் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். தோளில் தலை சாய்த்து அழுதால்தான் துக்கம் கொஞ்சமாவது இறங்கும். தாயும் மகளும் என்றால் கேட்கவே வேண்டாம். என் மகள் கண்ணாடியில் நெற்றியை முட்டி முட்டி அழுகிறாள். எனக்குக் கை பரபரக்கிறது. எங்கே தொட? கண்ணாடியைத்தான் தடவினேன்.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். என் மகளைத் தன் பக்கம் திருப்பி, அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மகள் அவள் காக்கித் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதாள். அவள் வீட்டிலும் சாவுக்குப் பெண்கள் இப்படி அழுவதைப் பார்த்து வளர்ந்தவளாகத்தான் இருக்க வேண்டும். நான் இந்தப் பக்கம் போனைப் பிடித்தபடி, “அழு மக்கா, நல்லா அழு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நேரம் முடிந்து போய், இந்தப் பக்கம் நின்றவள் கண்ணாடியைத் தட்டியபோதும், அந்தப் பெண் கையை மட்டும் தூக்கி, பொறு என்று காட்டினாள். மகள் தானாக விலகிய பிறகுதான் விட்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, என் மகளை உள்ளே கூட்டிப் போனாள்.

அடுத்த முறை போனபோது அவள் அங்கே இல்லை. டியூட்டி மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எங்களால் அவளுக்கு ஏதும் பிரச்சினை வந்ததோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். என் மகள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. பேச்சும் பழையபடி ஹிந்திதான்.

ஆனால் ஒன்று. இப்போதெல்லாம் எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும், தமிழரா, முஸ்லிமா, மராத்தியா, பழகியவரா என்றெல்லாம் பார்க்காமல் முதல் ஆளாகப் போய் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு விடுகிறேன். அவளைப் பெற்றவள் எந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாளோ, யார் கண்டது?