ஒரு நாள் வெளியே போன பணம்

பணம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. உங்கள் பெயரில்தானா என்று கேட்டார்கள். அவள் பெயரில்தான். உழைத்துச் சேர்த்ததா என்று கேட்டார்கள். ஆவி பறக்கும் உருளைக்கு முன்னால் வருஷக்கணக்கில் நின்று சேர்த்தது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில் விசா கிடையாது என்று கையை விரித்தார்கள். இதைக் கேட்டும் வயிறு எரியவில்லை என்றால் அது வயிறே இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முறுக்கிக்கொண்டு வரும் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறி, நாலு முனையும் பிடித்து, சூடான உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. மறுபக்கம் நின்று வாங்கி மடிப்பவளுக்கு மடிப்புக்காரி என்று பெயர். விரிப்பின் ஓரம் மடங்கி உள்ளே போனால் கையை விட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்படி இழுத்து இழுத்து அக்காவின் இரண்டு கையிலும் கோடு கோடாகத் தழும்பு.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஒன்பது வயது மகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வந்தவள். தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டாம் தரம் சோறு கேட்கக் கூசுகிற வீடு அது. மகள் இதை வாய் விட்டுச் சொன்னதில்லை. ஃபோனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்பதற்கு முன்னால் ஒரு நொடி தாமதிப்பாள். அந்த ஒரு நொடி போதும் அக்காவுக்கு, அன்றைக்கு முழுவதும் உருளைச் சூடே தெரியாது.

மகளைக் கூட்டிக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு. மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் மனுப் போட வேண்டும். அம்மாவின் சம்பளம் ஒரு வரம்புக்கு மேல் இருக்க வேண்டும். சம்பளம் என்னவோ வரத்தான் செய்தது. ஆனால் சலவைக்கூடத்துக் காண்டிராக்டர் சம்பளச் சீட்டில் பாதியைத்தான் சம்பளம் என்று போடுவார், மீதியை ஓவர்டைம் என்று தனியாகத் தள்ளிவிடுவார். விசா ஆபீஸுக்கு ஓவர்டைம் கணக்கில்லை. முதுகு ஒடிகிறதே, அது எந்தக் கணக்கில் ஒடிகிறது என்று கேட்க அங்கே ஆளில்லை.

சம்பளம் போதவில்லையென்றால் சேமிப்பை மட்டும் காட்டலாம் என்று இன்னொரு வழி இருந்தது. பெரிய தொகை. அதை ஆறு மாதம் கணக்கிலேயே வைத்திருக்க வேண்டும். டை கட்டிய விசா ஆலோசகர் ஒருவர், கட்டணத்தை முதலில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இதைச் சொன்னார். "செலவு மட்டும் பண்ணிடாதீங்க. அவ்வளவுதான்."

செலவா? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. காதில் கிடந்த தோட்டையும் விற்றுப் போட்டுத் தொகையை எட்டினாள். பல் வலித்தபோது கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள், பிடுங்கப் போகவில்லை. பேருந்துக்குப் பதில் நடந்தாள். ஆறு மாதம் முடிந்து மனுப் போட்டால் மகளுக்குப் பதினெட்டு ஆகச் சில வாரங்கள் மிச்சம் இருக்கும். தவறினால் மறு தடவை என்பது கிடையாது.

ஐந்தாவது மாதத்தில் மடிப்புக்காரியின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கொண்டுபோய்ச் சேர்த்தது இவர்கள் விரிப்புத் துவைக்கிற அதே ஆஸ்பத்திரியில்தான். ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டினால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்றார்கள். அவனைப் படுக்க வைத்திருந்த விரிப்பு அக்கா கையால் தேய்த்தது, அதற்காக ஒரு காசு குறைப்பார்களா என்ன?

சலவைக்கூடத்துப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு அவசரம் என்றால் கையில் பணம் இருப்பவள் முதலில் போடுவாள். மற்றவர்கள் மறுநாளைக்குள் ஆளுக்குக் கொஞ்சம் திரட்டி அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு கஷ்டப்பட்டவள் எல்லோருக்கும் மெல்லத் திருப்பித் தருவாள். அன்றைக்குக் கையில் பணம் இருந்தவள் அக்கா ஒருத்திதான். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே மெஷினை நிறுத்திவிட்டு பேங்குக்கு நடந்தாள். இது செலவு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கைமாற்றுக் கொடுப்பதை எந்த ஊரில் செலவு என்று சொல்கிறார்கள்?

மறுநாள் மத்தியானமே பணம் முழுசாகத் திரும்பிவிட்டது. அவளே கொண்டுபோய்க் கட்டினாள். அவன் பிழைத்துக்கொண்டான். அத்தோடு அதை அவள் மறந்தும் போனாள்.

விசா ஆபீஸ் மறக்கவில்லை. மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் எந்த ஒரு நாளும் தொகை வரம்புக்குக் கீழே போகக் கூடாதாம், ஒரு நாள் போய்விட்டதாம். ஆலோசகரிடம் ஓடினாள். மறுபரிசீலனைக்குப் போடலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். முதலிலேயே ஒழுங்காகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் கேட்டதற்கு, விதிமுறை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார் கூசாமல். தெரியாமல் எடுத்துவிட்டேன், இனி இப்படி நடக்காது என்று எழுதித் தரச் சொன்னார்.

"தெரிஞ்சுதானே எடுத்தேன்" என்றாள் அக்கா.

மகளை நினைத்துப் பேனாவை எடுத்தாள். இரண்டு வார்த்தை எழுதினாள். பிறகு கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நேரில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் இன்னும் ஆத்திரம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருக்கலாம்.

"இது உண்மையிலேயே உங்க சொந்தப் பணமாங்கிறதுதான் எங்க சந்தேகம்" என்றாள் அந்த அம்மாள். "உங்களோடதுன்னா எதுக்காக அதை இன்னொருத்தருக்குக் கொடுத்தீங்க?"

"என்னோடதுங்கிறதாலதான் கொடுத்தேன்" என்றாள் அக்கா. "அடுத்தவங்க பணமா இருந்தா எப்படிம்மா எடுத்துக் கொடுப்பேன்?"

அந்த அம்மாள் எதையோ தட்டச்சு செய்தாள். என்னத்தைத் தட்டியிருப்பாள்? இந்தப் பதிலைப் போட அவள் கம்ப்யூட்டரில் கட்டம் இருந்திருக்காது. ஒரு மனுஷியிடம் பணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அவள் எவன் செத்தாலும் அதைத் தொடாமல் இருக்கிறாளா என்று பார்க்கிற சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அவன் வீட்டில் யாருக்கும் அவசரமே வந்ததில்லை போலிருக்கிறது.

மறுபரிசீலனையும் தள்ளுபடி ஆனது. இன்னும் ஆறு மாதம் வைத்திருந்து புதிதாக மனுப் போடலாம் என்று தயவாக எழுதியிருந்தார்கள். அதற்குள் மகளுக்குப் பதினெட்டு தாண்டிவிடும். தாண்டியவள் மகள் இல்லை, யாரோ ஒரு பெண்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுவாள், கத்துவாள் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். மகள் அழவில்லை.

"அந்த மாமா இப்ப நல்லா இருக்காராம்மா?"

"இருக்காரு. கோல் வெச்சு நடக்கிறாரு."

"அவருக்குப் பொண்ணு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. சின்னது."

"அவங்ககூடத்தான் இருக்குதா?"

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அத்தனை கேள்விக்கும் சளைக்காமல் பதில் சொன்ன அக்கா, இதற்கு ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "அவங்ககூடத்தான்."