நின்றதுபோல் சுழன்ற மேசைக்கால்

மம்பாவில் எங்கள் வீட்டில் கார் நிற்க வேண்டிய இடத்தில் மரம் கடையும் என் லேத்து நிற்கிறது. பெடாஸ் பக்கம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பல வருஷம் ரப்பர் மரம் கடைந்தவள் நான். தொழிற்சாலையை மூடியபோது அந்த மெஷினையே கேட்டு வாங்கி வந்துவிட்டேன். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர், காரைத் தெருவில் விட்டுவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். கூரையில் பழைய டியூப் லைட் ஒன்று இருந்தது. பகல் வெளிச்சமே போதும் என்பதால் அதை நான் போட்டதில்லை.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எதிரே எஸ்டேட்டின் செம்பனை மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய் மறைந்தன. இருட்டிக்கொண்டு வரவே விளக்கைப் போட்டேன். லேத்தில் ஒரு மேசைக்கால் ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பகுதியை உருண்டையாகக் கடைந்துவிட்டு, மேல்முனையை மட்டும் சதுரமாக விட்டிருந்தேன். தகரக் கூரையில் விழுந்த மழையில் மோட்டார் சத்தம் அமுங்கிப்போனது.

அப்போது அந்தச் சதுர முனை நின்றது. நாலு மூலையும் துல்லியமாகத் தெரிந்தன. பிறகு மெதுவாக, தண்ணீருக்குள் புரள்வதுபோல, பின்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. மழைக்குள் உலகமே ஓய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. மூலையில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருப்பதாகத் தோன்றியது. மெஷின் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத் துடைக்கக் கை போனது.

இரண்டு விரலில் தையல் போட்டார்கள். கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் வீட்டுக்காரர், "தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லங்க. அது நின்ன மாதிரி இருந்துச்சு."

அவர் மறுநாளே லீவு போட்டு என்னை மின்சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்கார பாய் என் விரல் கட்டைப் பார்த்துவிட்டு, நடந்ததை நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பழைய சோக்கு லைட்டா தங்கச்சி? அது நொடிக்கு நூறு தடவ மங்கி மங்கி எரியும். நம்ம கண்ணுக்குத் தெரியாது லா. சுத்துற சாமான்தான் காட்டிக்கொடுக்கும், அந்த வேகத்தோட ஒத்துப்போனா நின்ன மாதிரி தெரியும்."

விளக்குகளை மாட்டி வைத்திருந்த பலகைக்குக் கீழே ஒரு மேசை விசிறியை வைத்து ஓடவிட்டார். ஒவ்வொரு விளக்காகப் போட்டார். பழைய மாதிரி விளக்கில் இறக்கைகள் தயங்கித் தயங்கி மிதந்தன. விலை குறைந்த ஒரு எல்இடியிலும் அப்படியேதான். எலக்ட்ரானிக் சோக்கு வைத்த இரட்டை டியூப் லைட்டைப் போட்டதும் இறக்கைகள் கரைந்து வெறும் புகையாகிவிட்டன.

"இதுதான்," என்றேன்.

"மஞ்சளா, வெள்ளையா?" என்றார் பாய்.

பையில் ஒரு ரப்பர் மரத்துண்டு கொண்டுபோயிருந்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் அது அழகாக, ஏற்கனவே மெருகு போட்டதுபோல இருந்தது. வெள்ளையில் சோற்றுக்கஞ்சி நிறத்தில் வெளிறிப்போய், உளி பட்ட கீறல் எல்லாம் தெரிந்தது. வெள்ளையையே எடுத்தேன். தூள் அடையாமலிருக்க மூடி போட்டதாக இரண்டு வாங்கினோம்.

வீட்டுக்காரர் ஏணியில் நின்று மாட்டினார். ஒன்று லேத்துக்கு நேர் மேலே, இன்னொன்று என் நிழல் வேலையில் விழாதபடி இடதுபக்கம். தையல் பிரித்த பிறகு அதே மேசைக்காலை ஓடவிட்டேன். மூலைகள் இல்லை, சுற்றிலும் ஒரு மங்கலான வளையம். எந்த இடம் கையைக் கடிக்கும் என்று அந்த வளையமே சொன்னது. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மழைக்குள் நின்றுபோன நிமிஷத்தை இனிப் பார்க்க முடியாதே என்றும் லேசாக வலித்தது.

மேசை முடிந்து ரெம்பாவில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் லாரியை விட்டு வந்ததும் அவர் இங்கேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார். வெளிச்சம் நல்லாயிருக்கு என்கிறார். நான் கடையக் கடைய, வெள்ளைத் தூள் மெல்ல எழும்பி அவர் தலைமுடியில் போய் உட்காருகிறது.