வண்டி நலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். வீடு சங்கரன்கோவிலில். போகவர ஒரு பழைய மோட்டார் சைக்கிள். எங்கள் ஆசிரியர் அறையில் வண்டி பராமரிப்பு பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிளக்கில் ஏன் கரி பிடிக்கிறது, பிடித்தால் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவேன். தமிழாசிரியர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். அவரிடம் இருந்தது சைக்கிள்.

உண்மையைச் சொன்னால், அந்த வண்டியின் பிளக்கை நான் என் கையால் ஒருநாளும் கழற்றியதில்லை. கழற்றியது என் மனைவி.

வண்டி என் மாமனாருடையது. ஊர் ஊராகப் போய்க் கணக்குத் தணிக்கை செய்கிற சர்க்கார் உத்தியோகம் அவருக்கு. வாசுதேவநல்லூரிலிருந்து கிளம்பினால் மேற்கே மலையடிவாரம் வரைக்கும், கிழக்கே கரிசல் காடு வரைக்கும் பதினாலு வருஷம் அதில்தான் அலைந்தார். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரில் ஐந்து இலக்கம்தான் உண்டு. தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சத்துக்குப் பிறகு அதில் என்ன வரும் என்று கண்ணால் கண்டவர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைவு. மாமனார் கண்டார். ஐந்து சைபரும் வரிசையாக வந்து நின்றதும் வண்டியை ஓரங்கட்டி, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தாராம். அந்த நிமிஷத்திலிருந்து அது மறுபடியும் புது வண்டி என்பது அவருடைய முடிவு. அந்த முடிவோடுதான் கல்யாணத்தில் அதை எனக்குக் கொடுத்தார்.

"ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடிருக்கு மாப்ள. நான் சொல்லுதேன்னு நம்பாண்டாம், மீட்டரையே பாருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு ரெண்டு பிள்ளைய. ரெண்டும் இப்ப உங்க கையில. வண்டியப் போட்டு வதைக்கியன்னு கேள்விப்பட்டேன், நேரா வந்து ஓட்டிட்டுப் போயிருவேன்" என்றார். மகளை வதைத்தால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை.

அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. ஆகவே பாவாடை கட்டிய காலத்திலிருந்து என் மனைவிதான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எடுத்துக் கொடுத்தவள் ஒருநாள் திருகவும் தொடங்கியிருக்கிறாள். நான் தெருமுனையில் திரும்பும்போதே அடுக்களையிலிருந்து, "செயின் லூசா இருக்கு, பாத்தியளா?" என்பாள். நான் பார்த்திருக்க மாட்டேன். "அதத்தான் யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் சாக்கை விரித்து உட்காருவாள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். மாதம் ஒரு தடவை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிக் காயவைப்பாள். சைலன்சரில் கரி எடுப்பாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பேன். தெருவில் யாராவது வருகிற அரவம் கேட்டால் சட்டென்று ஸ்பேனரை என் கையில் திணித்துவிட்டு எழுந்து நின்றுகொள்வாள். நான் குனிந்து வண்டியை முறைத்துப் பார்ப்பேன்.

"நமக்குள்ள என்ன, நீயே பிடிச்சுக்கிட்டிரேன்" என்று ஒரு தடவை பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆம்பள பேப்பர் படிக்க பொம்பள கரி எடுத்தா உங்களத்தான் சிரிப்பாவ" என்றாள்.

அது சரியாகத்தான் பட்டது. பேப்பரில் விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீட்டுக்குப் போனாள். முதல் பிரசவம். போகிற அன்றைக்கு எல்லாப் பெண்களும் புருஷனுக்கு ஊறுகாய் எந்தச் சாடியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும். ஞாயிறுதோறும் பிளக். டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டது, மழையில் நிறுத்தினால் தண்ணீர் இறங்கும், மேலே பிளாஸ்டிக் தாள் கட்ட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். பிள்ளைகளுக்கே பாடம் எடுக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறாளே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். புதுப் பெண்டாட்டி எழுதிய கடிதம் என்று ஆசை ஆசையாகப் பிரிப்பேன். "நலம். செயினுக்கு எண்ணெய் விட்டீர்களா? நல்லெண்ணெய் விட்டுவிடாதீர்கள்" என்று இருக்கும். விட்டிருந்தேன். "அன்புள்ள" என்று தொடங்கி ஒரு பக்கம் உருகிவிட்டுக் கடைசி வரியில் "வண்டி நலம்" என்று பதில் போடுவேன்.

வண்டி நலமாக இல்லை. முதலில் இருமியது. பிறகு மேட்டில் பின்வாங்கியது. ஐப்பசி மழை பிடித்ததும் காலையில் கிளம்ப மறுத்தது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஆசிரியர்கள் தள்ளிவிட வேண்டியதாயிற்று. தமிழாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியபடியே, "இது எதனால சார்?" என்று கேட்டார். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்று சொன்னேன். அவர் பூரித்துப்போய் இன்னும் வேகமாகத் தள்ளினார்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அங்கே இருந்த மெக்கானிக்குக்கு என் மாமனாரைத் தெரியும். வண்டி அவன் வாசலில் நின்றால் அடுத்த பஸ்ஸில் செய்தி வாசுதேவநல்லூர் போய்விடும். அதற்கடுத்த பஸ்ஸில் மாமனார் வந்து இறங்குவார். என் பெயரும் வண்டியும் ஒரே நாளில் போகும்.

எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண் பிரசாதம். சொறிக்குப் பூசுவார்கள், வயிற்று வலிக்குக் கரைத்துக் குடிப்பார்கள், மாட்டுக்குக் கொடுப்பார்கள், புது லாரியின் நெற்றியில் அப்புவார்கள். எட்டாம் வகுப்பில் மண் வகைகள் நடத்தும்போது, "புற்றுமண்ணும் மண்தான், கறையான் எச்சில் கலந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று நான் அடித்துச் சொல்வது வழக்கம். அந்தத் துணிச்சலுக்காகவே ஊரில் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஒரு மழைக்காலக் காலையில், இருபது உதை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. முதல் மணிக்கு நேரமாகிவிட்டது. டேங்க் மூடியைத் திறந்தேன். பிளாஸ்டிக் தாள் கட்ட மறந்திருந்தேன், பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கும். பூஜை மாடத்தில் அவள் வைத்துவிட்டுப் போன புற்றுமண் பொட்டலம் இருந்தது. அப்போது எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். உலர்ந்த மண் ஈரத்தை உறிஞ்சும். சோதனைச்சாலையில் ஈரத்தை எடுக்க நாமே ஒரு ரசாயனப் பொடி வைப்பதில்லையா? இதுவும் ஒரு பொடி. இரண்டு சிட்டிகை எடுத்து டேங்குக்குள் போட்டேன். போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். தூசி விழாமல் இருப்பதற்காக. கையைக் குவித்ததும் தூசிக்காகத்தான்.

ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது.

நாலு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் இருமியபோது பொட்டலத்தையே கொட்டினேன். சோதனை என்றால் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டுமல்லவா.

அந்த வாரம் அவளிடமிருந்து வந்த கடிதத்தில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வலி எடுத்தால் ஆள் அனுப்புவதாக அப்பா சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் உடனே வந்துவிடுங்கள். உள்ளே விட மாட்டார்கள். வெளியில் நின்றால் போதும், நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது." பிளக்கைச் சுடச்சுடக் கையால் பிடிக்கிறவளுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நாலைந்து தடவை படித்தேன். "ஆள் வந்த ஒரு மணி நேரத்தில் அங்கே நிற்பேன். வண்டி நலம்" என்று பதில் எழுதிப் போட்டேன்.

பத்து நாள் கழித்து, காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மாமனார் வயலில் வேலை பார்ப்பவர் வந்து நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"விடியமின்ன வலி கண்டுட்டு சார். கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ. புளியங்குடி வழி போற பஸ் நிக்கி, வாங்க."

"நீங்க பஸ்ல போங்க. நான் வண்டியில உங்களுக்கு முந்திப் போயிருவேன்" என்றேன்.

முந்திப் போகத்தான் செய்தேன், பாதித் தூரம் வரைக்கும். புளியங்குடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கையில் வண்டி ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் வெறுங்காடு. வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பஸ் வந்தது. வேலைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "சார், வண்டி கிடக்கட்டும், ஏறுங்க!" என்று கத்தினார். கண்டக்டர் விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்தியும் விட்டார்.

"பிளக்தான். அஞ்சு நிமிஷம், பின்னாலேயே வாரேன்" என்று கையை ஆட்டி அனுப்பினேன். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டே போயின.

வாழ்க்கையில் முதல் முறையாகப் பிளக்கைக் கழற்றினேன். எந்த ஸ்பேனர் என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம். பிளக்கில் குற்றமில்லை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே குழம்பு மாதிரி மண். யாருடைய மண் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைக்குட்டையால் வழித்து எறிந்து மாட்டினேன், டேங்கிலிருந்து மறுபடியும் இறங்கியது. மறுபடியும் கழற்றினேன். ஒரு திருகாணி மிச்சமாகக் கையில் இருந்தது.

இரண்டாவது பஸ் வந்தது. "ஏறுதியளா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர். இல்லை என்று தலையாட்டினேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் மூன்றாவதும் வந்தது. அதைப் பார்க்காததுபோல் வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

ஏன் ஏறவில்லை என்று இப்போது நியாயம் கற்பிக்க எனக்கு மனமில்லை. பஸ்ஸில் போய் இறங்கினால் மாமனார் வண்டி எங்கே என்பார். ஆள் விட்டு எடுத்துவரச் சொல்வார். டேங்கைத் திறப்பார். மண்ணைப் பார்ப்பார். அறிவியல் வாத்தியார் பெட்ரோலில் புற்றுமண் போட்ட கதை புளியங்குடிச் சந்தை வரைக்கும் போகும். வலியில் கிடக்கிறவளைவிட எனக்கு அந்தக் கதைதான் பெரிதாக இருந்தது. அதோடு, இதோ இப்போது கிளம்பிவிடும், இந்த உதையில் கிளம்பிவிடும் என்று ஒவ்வொரு உதைக்கும் நம்பினேன்.

அதற்குப் பிறகு பஸ் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல், வைக்கோல் இறக்கிவிட்டு வாசுதேவநல்லூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டிராக்டர்காரர்தான் வண்டியையும் என்னையும் டிரெய்லரில் ஏற்றினார். டிராக்டர் போகிற வேகம் தெரிந்ததுதான். மாமனார் வீட்டு வாசலில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது.

மாமனார் வெளியே வந்தார். டிரெய்லரில் கயிறு கட்டிப் படுக்கப் போட்டிருந்த தன் இன்னொரு பிள்ளையைப் பார்த்தார். இதோ தொடங்கப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்காவ" என்றார். "உள்ள போங்க மாப்ள. நீங்க வந்தாச்சான்னு நாலு தடவ கேட்டா. கடைசில நாங்க வந்தாச்சுன்னு பொய் சொல்லிட்டோம்."

அவர் நாலு வசவு வைதிருந்தால் தாங்கியிருப்பேன். வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை அவர்.

உள்ளே அவள் சுவரில் சாய்ந்து படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் பழைய சேலைத் துணிக்குள் பிள்ளை தூங்கியது. அவள் என் கையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்த இடத்துல நின்னுச்சு?"

சொன்னேன்.

"அந்த ரோட்டுல காலையில பஸ் உண்டுல்லா. எத்தன போச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இரண்டு மாதமாக வாராவாரம் எழுதிய கைக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை.

"மூணு" என்றேன்.

அவள் பிள்ளையின் மேல் துணியை இழுத்துவிட்டாள். நான்தான் பொறுக்கமாட்டாமல், "வண்டிய நடுரோட்டுல தன்னந்தனியா விட்டுட்டு எப்படி வர?" என்றேன்.

"என்னைய விட்டுட்டு இருந்தியள்லா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

பிள்ளையைத் தூக்கலாம் என்று கையை நீட்டினேன். விரலெல்லாம் வண்டி மையும் மண்ணும்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

பின்வாசலுக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவில்லை. அழுதுகொண்டே தேய்த்தேன்.